பந்தல் காலில் கட்டிய கொடி

பாக்கியலெட்சுமியின் கைகள் குழந்தைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தன. பிழிந்ததை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். துவைத்தும் அடுப்புப் புகை வாடை போகவில்லை.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினாறு வருடமாகப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துவந்தவள் அவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். பதுளையில் ஆறு வாரம் பிள்ளை பராமரிப்புப் படித்தவள். புருஷன் செத்தபோது ஒரு மாதம் அழுதாள். அதற்கு மேல் அவளுக்கு நேரமில்லை.

அவள் இருந்த லயத்தில், ஒரே கூரையின் கீழ், பன்னிரண்டு வீடு. கிழக்கு பார்த்து ஆறு, அவற்றோடு முதுகு ஒட்டி மேற்கு பார்த்து ஆறு. முன்பக்கம் வாசலும் வெயிலும்; பின்பக்கம் மண்மேடும் பாசியும். வாசல் பொது என்று பெயர்தான். முன்வீட்டுக்காரர்கள் அதில் விறகை அடுக்கிக் கோழிக்கூட்டையும் வைத்திருந்தார்கள். பின்வீட்டு ஜெயலெட்சுமி தன் மூன்று மாதப் பிள்ளையின் துணியை அடுப்புக்கு மேலேதான் உலர்த்தினாள். பிள்ளைக்கு இருமல் நிற்கவேயில்லை. அரை ஈரத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கு மருந்து மட்டும் என்ன செய்யும்?

எழுபத்தோராம் ஆண்டு வைகாசியில் முன்வீட்டு அழகரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வழக்கப்படி எல்லாரும் வாசலை ஒழித்துக் கொடுத்தார்கள். விறகு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனது. அழகரின் கோழிக்கூட்டை நாலு பேர் தூக்கி மேட்டு மரத்தடியில் வைத்தார்கள். கல்யாணம் முடிந்து பந்தலுக்கு மேலே விரித்த படங்கை அவிழ்த்த பிறகும், பந்தக்காலை ஐந்தாம் நாள்தான் பிடுங்க வேண்டும், அதுவரை வாசலில் ஒன்றும் வைக்கக் கூடாது என்றார் அழகர்.

பாக்கியலெட்சுமி மறுநாளே பந்தல் மூங்கில்களுக்கு இடையே கயிறு கட்டி, ஜெயலெட்சுமியின் பிள்ளைத் துணியைப் போட்டாள். பதினொரு மணிக்குள் சரசரவென்று காய்ந்துவிட்டது. அடுத்த நாள் மற்றப் பின்வீட்டுத் துணிகளும் வந்தன. பிள்ளையும் இருமாமல் தூங்கத் தொடங்கியது.

நாலாம் நாள் சாயங்காலம் அழகர் வந்து நின்றார்.

“அக்கா, விடியக்காலையில பந்தக்காலைப் புடுங்கிட்டு கூட்டை எறக்கப் போறேன். கயித்த அவுத்துருங்க.”

“கோழிக்கு எதுக்குத் தம்பி வெயிலு?”

“அதுக்காக? நான் என் வாசல்லதானே வைக்கிறேன்.”

“கல்யாணத்துக்கு மட்டும் பன்னெண்டு வீட்டு வாசலும் ஒங்க வாசலா இருந்துச்சு.”

இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அழகர் சிரிக்கவில்லை.

“மேட்டுல கீரி புடிச்சா நீங்க கோழி தருவீங்களா?”

“கூட்டுக் கதவுக்குத் தகரம் அடிங்க. எங்கிட்ட ஒரு துண்டு இருக்கு, தர்றேன்.”

அவள் ஒரு குச்சியால் மண்ணில் வாசலை வரைந்தாள். விறகுக்குக் கூரை போதும், கோழிக்கு நிழல் போதும், துணிக்கு மட்டுந்தான் வெயில் வேண்டும் என்றாள். மத்தியானம் வரை பிள்ளைத் துணி, அதற்குப் பிறகு மற்றவை, ஞாயிற்றுக்கிழமை கம்பளி.

“சட்டம் போடுறது யாரு, தொரையா?”

“தொரைக்குத் துணி காயப்போடுற கஷ்டம் தெரியுமா?”

அதற்குள் அழகரின் மனைவி கதவோரம் வந்தாள். “நாலு நாளா கோழிப்பீ மிதிக்காம நடக்குறேன். கூடு அங்கேயே இருக்கட்டுங்க.”

அவள் மண்ணில் வரைந்ததை அழகர் குனிந்து பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

“ஞாயித்துக்கெழம மொதக் கம்பளி யாருது?”

“ஒங்களுதுதான்.”

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குக் கொம்பு ஊதுமுன் அழகர் பந்தக்காலில் பால் ஊற்றிக் கும்பிட்டுப் பிடுங்கினார். மற்ற நாலு மூங்கில்களையும் அசைத்துப் பார்த்தார். ஆட்டம் கண்ட இரண்டின் அடியில் கல் வைத்து இறுக்கிவிட்டு வேலைக்குப் போனார்.