பட்ட மரத்துக்குத்தான் கையெழுத்து

எங்கள் அடுப்பங்கரைத் தரை வீங்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. வீக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் சிமெந்து மெல்ல மேலெழுந்து, நடுவில் வெடித்து, வெடிப்புக்குள் பழுப்பாக ஏதோ தெரிந்தது. பாம்பு என்று அலறப்போன என் தலையில் அம்மா ஒரு தட்டுத் தட்டி, "வேருடி. பின்னால நிக்கிற வாகையோட வேரு," என்றார். அதன்பிறகு பானை சரிந்தே நின்றது. கஞ்சி எப்போதும் ஒரே பக்கமாகப் பொங்கி வழிந்தது. எனக்கு அது பெரிய வேடிக்கை. தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, நேற்றைவிட இன்று கூடவா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்கு அது வேடிக்கையாக இல்லை. பலாங்கொடைக்கு மேலே, மலைச்சரிவை வெட்டித் தட்டாக்கி, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயம் எங்களுடையது. பின்னால் கூரை உயரத்துக்கு மண்திட்டு. திட்டின் விளிம்பில் அந்த வாகை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு காம்பரா. கடைசிக் காம்பராவில் சின்னம்மாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். அதை ஒட்டியது எங்கள் காம்பரா. அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை என்பதால் எங்களோடு இருந்த ஆண்பிள்ளை மாமாதான். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே தம்பி. வேர் இரண்டு காம்பராக்களின் பின்சுவரையும் தள்ளிக்கொண்டிருந்தது. வெடிப்புக்குள் என் கை நுழைந்தது. மழைக்காலத்தில் சுவர் அடுப்பின் மேலேயே சாய்ந்தால் என்ன செய்வது என்பதுதான் அம்மாவின் ஓயாத பேச்சு.

மரத்தை வெட்டிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், மரமும் தோட்டத்துக்குச் சொந்தம், வெடிப்பு மட்டும் எங்களுக்கு. அம்மா கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு ஒருநாள் கங்காணி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பச்ச மரத்துல கை வைக்கிறதுக்குத் தொர கையெழுத்துப் போட மாட்டாரு. பட்ட மரம்னா வேற கத. பெக்டரி வெறகுக்கு நாங்களே ஆள் அனுப்பி அறுத்துருவோம்."

"சொவரு விழுந்தா பரவாயில்லீங்களா?" என்றார் அம்மா.

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல், "மரம்னா ஒருநாளைக்குப் பட்டுத்தானே போகும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஏதோ தத்துவம் சொல்வதாக நான் நினைத்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் முன்வாசல் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடித்தபடி மாமா தன் திட்டத்தைச் சொன்னார். சித்தப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. "வேர மட்டும் வெட்டிவிட்டா போதாதா மாப்ள?"

"வெட்டுங்க மச்சான். இந்தப் பக்கத்து வேர வெட்டுனா மரம் எந்தப் பக்கம் சாயும்? ஒங்க தலமேலதான்."

"என் தலயில ஒடையிறதுக்கு என்னா இருக்கு."

"அதான் அக்காவும் சொல்லுது," என்றார் மாமா. சின்னம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா திட்டின் மேல் ஏறி, அடிமரத்தில் துளைபோட்டுப் பெருங்காயம் அடைத்து, களிமண்ணால் மூடினார். பிறகு மண்ணைக் கொஞ்சம் தோண்டி, தரைக்குக் கீழே பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டு மறுபடி மண்ணைத் தள்ளினார். பெருங்காயத்துக்கு மரத்தைக் கொல்லும் சக்தி உண்டா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்; பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் சாகும் என்பதில் சந்தேகமே இல்லை. லயத்தில் எல்லோருக்கும் வாசம் தெரிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. முன்காம்பராக் கிழவர் மட்டும், "என்னப்பா, மரத்துக்கு ரசம் வைக்கிறீங்களா?" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிப்போய் இலைகளைப் பார்ப்பேன். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கிளை மஞ்சளானது. பிறகு மழையிலும் இலை கொட்டியது. சித்திரைக்குள் மரம் எலும்பாக நின்றது. கங்காணி வந்து அண்ணாந்து பார்த்து, "அடடா, பட்டுப்போச்சே," என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். தோட்டத்து ஆட்கள் வந்து கயிறு கட்டி, லயத்தின் ஓர் ஓட்டைக்கூட உடைக்காமல் இறக்கினார்கள். பின்புறத்தில் முதன்முறையாக வெயில் விழுந்தது. சின்னம்மா அங்கே மிளகாய் காயவைத்தார். மாமா எங்கள் தரையைக் கொத்தி, செத்த வேரைத் துண்டுதுண்டாக எடுத்து, புதுச் சிமெந்து பூசினார். பானை நேராக நின்றது. அந்த லயத்தில் மாமாவைப்போல் மூளைக்காரர் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

திட்டுக்குள் இருந்த வேரை யாரும் எடுக்கவில்லை. அதை எதற்கு எடுக்க வேண்டும்?

இரண்டு மழைக்காலம் போயிற்று. திட்டில் காளான் பூத்தது. பிறகு மேலே சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. சித்தப்பா ஒன்றில் கம்பை விட்டுப் பார்த்தார். முழுக் கம்பும் உள்ளே போய்விட்டது.

"எலி வளதான் மச்சான்."

"இவ்ளோ ஆழத்துலயா மாப்ள? எலி என்னா இரத்தினக்கல்லா தோண்டுது?"

சித்தப்பா கல்லும் சாம்பலும் போட்டுக் குழிகளை மூடினார். மழை பெய்தால் மறுபடி திறந்துகொள்ளும். திட்டின் அடியில் தண்ணீர் தெளிவாக வந்துகொண்டிருந்த இடத்தில் கலங்கலாக வரத் தொடங்கியது. அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்பதைப் பின்னாளில் நான் படித்தேன், அதுவும் ஒரே மூச்சில், பரீட்சைக்கு. செத்த வேர் உள்ளே உளுத்துப்போனால் அதன் இடத்தில் குழாய் மட்டும் மிஞ்சும். மண்ணைப் பிடித்திருந்த கை போய், தண்ணீர் இறங்க வழி வந்துவிடும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது எலிதான்.

வைகாசி மழை மூன்றாம் நாளும் விடவில்லை. பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். நான் லயத்துக்கு ஏறும்போது ஒரு சத்தம் கேட்டது. லொறியில் இருந்து மணல் கொட்டுவதுபோல், அவ்வளவுதான். கடைசிக் காம்பராவின் பின்பக்கம் இல்லை. அடைத்துக்கொண்ட தண்ணீர்க் கானைத் தோண்டிவிடச் சித்தப்பா மண்வெட்டியோடு பின்னால் போயிருந்தார். மாமா மண்ணைக் கையாலேயே வாரினார். மண்வெட்டி கொடுத்தவர்களைத் தள்ளிவிட்டார், சித்தப்பா மேல் பட்டுவிடுமாம். சித்தப்பாவை எடுத்தபோது மாமாவின் விரல்களில் நகமில்லை. மாமா அழவில்லை.

எங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். காரியத்துக்கு முந்தின நாள், சரிவைப் பார்க்க இரத்தினபுரியிலிருந்து ஓர் அதிகாரி குடையோடு வந்தார். கூட்டமாக எல்லோரும் அவர் பின்னால் போனோம். வெட்டுப்பட்டு நின்ற திட்டில் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்த வேரைப் பிடித்தார். அது அவர் விரலுக்குள் கேக்குப்போல உதிர்ந்தது. திரும்பி, சிங்களத்தில், இங்கே நின்ற மரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

கடைத்தெருவில் சிங்களத்தில் பேரம் பேசுகிறவர்கள், சிங்களத்தில் சண்டை போடுகிறவர்கள், எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கங்காணியும் பார்த்தார். கேள்வி கடினமாக இருக்கிறது, யாருக்கும் விளங்கவில்லை என்று எனக்குப் பட்டது. வகுப்பில் சிங்களத்தில் நான்தான் முதல். முன்னால் போய் நின்று, அவர் கேட்டதை உரத்த குரலில் தமிழில் சொன்னேன்.

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. மாமா வாயைத் திறந்தார். "நான்தான்..." என்று ஏதோ தொடங்கினார்.

"பட்டுப்போச்சுன்னு சொல்லு," என்றார் சின்னம்மா. அத்தனை நாளாக ஒரு வார்த்தை பேசாதிருந்தவர். மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "தானா பட்டுப்போச்சு. யாரும் ஒண்ணும் பண்ணல. சொல்லுடி."

சொன்னேன். ஒரு பிழையில்லாமல் சொன்னேன். அதிகாரி என்னையும், மற்றவர்களையும், கையிலிருந்த வேர்த்தூளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, நல்ல சிங்களம் பேசுகிறாய் என்றார்.

மாமா ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்து, கட்டுப்போட்ட கைகளில் முகத்தை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். சின்னம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை. "எந்திரி தம்பி," என்றார். "நாளைக்கு வாழ எல வேணும். நீதான் போகணும்."

பாவம், துக்கத்தில் சின்னம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று பொழுது சாயும்வரை அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அதிகாரி என்னை மெச்சியதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று. ஒருவரும் சொல்லவில்லை. கோபத்தில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.