அக்கீலா மறுத்த சமநிலை

முந்தல் என்ற ஊரில் ஓர் இறால் பண்ணையில் அக்கீலாவுக்கு வேலை. குளத்து நீரில் உப்பு கூடியதா குறைந்ததா என்று பார்த்துச் சொல்வாள். மகள் இல்மாவுக்குத் துணையாகத்தான் சதுரங்கம் பழகினாள். பெரிய வகுப்புக்குப் போனதும் மகள் விட்டுவிட்டாள், உம்மா விடவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே கைபேசியில் யாரோடாவது ஆடுவாள். கறி அடிப்பிடித்தால் கணவர் அஸ்ஜத், "இண்டைக்கும் தோல்வியா?" என்று கேட்பார்.

சென்ற ஆண்டு சிலாபத்தில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் அவளுக்கு எதிரே றொபி வந்து அமர்ந்தான். வங்கியில் வேலை பார்க்கும் சிலாபத்து இளைஞன். தரப்புள்ளியில் அவளைவிட எவ்வளவோ உயரத்தில் இருப்பவன்; அந்தப் போட்டியிலும் அவனே முன்னணியில் நின்றான்.

ராணிகளும் கோட்டைகளும் வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு குதிரையும் சில சிப்பாய்களும் மிஞ்சியபோது றொபி மெல்லக் கேட்டான்: "அக்கா, சமனா முடிப்பமா?"

அரைப் புள்ளி போதும், அவனுக்கு முதலிடம் உறுதி. அவளுக்கோ, இவ்வளவு பெரிய ஆட்டக்காரனோடு சமன் செய்தவள் என்ற பெயர். அக்கீலா பலகையைப் பார்த்தாள். அவளுடைய சிப்பாய் ஒன்று தடுப்பாரில்லாமல் பாதி வழி வந்திருந்தது. இப்போது கையை நீட்டிவிட்டால், அது எதுவரை போயிருக்கும் என்று ஒருநாளும் தெரியவராது.

"இல்ல தம்பி, விளையாடுவம்."

அவசரப்பட்டு அந்தச் சிப்பாயைத் தள்ளினாள். துணையில்லாமல் தனியே முன்னேறிய அதை றொபியின் ராஜாவும் குதிரையும் மறித்து வெட்டின. கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தோல்வியை ஏற்றுக் கைகொடுத்தாள்.

வெளியே அவள் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது றொபி பின்னால் வந்தான்.

"கோவமா அக்கா?"

"உங்களோட இல்ல."

"ஒண்டு சொல்லட்டா? வெல்லுவன் எண்டு தெரிஞ்சிருந்தா நான் சமன் கேட்டிருக்க மாட்டன். பயந்துதான் கேட்டன்."

அது ஆறுதலா, இன்னும் வேதனையா என்று பஸ்ஸில் வரும்போது அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் பயந்தது எதற்கோ, அதை அவள் காணவில்லையே.

முந்தலில் அஸ்ஜத் மோட்டார் சைக்கிளோடு நின்றார். "அவரே சமன் கேட்டும் நீ ஏன் எடுக்கல்ல?" என்று, அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"எடுத்திருந்தா சிரிச்சிக்கிட்டு வந்திருப்பன். ஆனா வெண்டிருப்பனோ எண்டு மனசு கேட்டுக்கிட்டே இருந்திருக்கும்."

சில நாள் கழித்து, சோறு போடும்போது சட்டென்று சொன்னாள்: "ராசாவத்தான் முதல்ல முன்னுக்குக் கொண்டு வந்திருக்கணும்."

"எந்த ராசா?"

காய்களை எடுத்து வந்து, சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அடுக்கிக் காட்டினாள். அவருக்குப் பாதிதான் விளங்கியது.

"அப்ப நீ வெண்டிருப்பியா?"

"ஓம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவரும் சும்மா இருந்திருக்க மாட்டார்தான்," என்று மறுபடி காய்களை நகர்த்தத் தொடங்கினாள்.