அம்மனுக்குப் போன அயோடின் உப்பு

எம்.பி.க்கள் ஊருக்குள் வந்தால் நேராக அடுப்பங்கரைக்குப் போய் உப்புச் சாடியைத் திறந்து பார்ப்பார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஒரு வாரம் முழுக்க, சோறு தண்ணி இறங்காமல் நம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அயோடின் கலக்காத உப்பை விற்கலாமா கூடாதா என்று டெல்லியில் ஒரே வாதம். எங்கள் கையில் ஒரு சின்ன டெஸ்ட் கிட் கொடுத்திருந்தார்கள். அதிலிருக்கும் மருந்தை உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலமாகும். என் ஏரியாவில் எந்த வீட்டில் சொட்டு விட்டாலும் வெள்ளைதான். சைக்கிள்காரர் மூட்டையில் கொண்டுவரும் கல் உப்புதான் எல்லா வீட்டிலும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"டெல்லியிலருந்து எம்.பி. கமிட்டி வருது. உங்க ஊரைத்தான் பாக்கப் போறாங்க. ரெடி பண்ணி வைங்க."

"எதைப் பாக்க வாராங்க மேடம்?"

"பொது சுகாதாரம்னு போட்டிருக்கு. நீங்கதான இன்ஸ்பெக்டர், பாத்துக்கங்க."

பொது சுகாதாரம் என்றால் சாக்கடை, கொசு, குடிநீர், பேறுகாலம் என்று ஆயிரம் இருக்கிறது. என் மண்டையில் உப்பு மட்டும்தான் ஏறியது. வெளியே வந்து உப்புக் கவலையைச் சொன்னதும் ஜீப் டிரைவர் ஆரோக்கியம் தன் பங்குக்குக் கொஞ்சம் தூவினார்.

"சொட்டு நீலமாகலைன்னா ராமநாதபுரம் தண்ணியில்லாக் காட்டுக்குத்தான் மாத்துவாங்க அப்பு. அங்க உப்பு தயாரா இருக்கும், கடல் பக்கந்தான."

என் மனைவி சின்னாளப்பட்டியில் டீச்சர். நாங்கள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த எத்தனை பேர் காலைப் பிடித்து இந்த ஊரை வாங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் சொந்தக் காசில் தூள் உப்புப் பாக்கெட் வாங்கினேன். ஜீப் நிற்கப்போகிற தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன்.

மாரியம்மாள் என்று ஒரு அம்மா. தெருவுக்கே அவர்தான் வாய். பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்தார்.

"என்ன சார், முகத்துக்குப் போடுற பவுடரா?"

"உப்பும்மா. அயோடின் உப்பு. டெல்லிக்காரங்க வந்து கேட்டா இதைக் காட்டுங்க. அதுவரைக்கும் பிரிக்காம வைங்க. கழுத்துக் கழலை வராது, பிள்ளைகளுக்குப் புத்தி வளரும்."

"அப்ப நீங்க சின்னதுல இதைச் சாப்பிடலையோ?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். மாறுதல் பயத்தில் இருப்பவனுக்கு ரோஷம் எதற்கு?

கமிட்டி வரும் நாள் காலையில் ஒத்திகை பார்க்கலாம் என்று கிட்டோடு போனேன். முதல் வீட்டில் பாக்கெட் இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. தெருக் கடைசி வரைக்கும் இல்லை.

"நேத்து வெள்ளிக்கெழமைல்ல சார்," என்றார் மாரியம்மாள். "அம்மனுக்குக் கொட்டிட்டோம்."

மரு, கொப்புளம் என்று எது வந்தாலும் மாரியம்மனுக்கு உப்பு கொட்டுவதாக நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுச் சாடியில் புழங்கிய உப்பைச் சாமிக்குக் கொட்ட மாட்டார்கள். கைபடாத புது உப்புதான் வேண்டும். ஒரு தெரு முழுக்க, பிரிக்காத பாக்கெட்டாக, அதை வீடு தேடிக் கொடுத்த புண்ணியவான் நான்.

தெரு முனைக் கோயிலுக்கு ஓடினேன். மாரியம்மாளும் பின்னாலேயே வந்தார். பலிபீடத்தடியில் வெள்ளை வெளேரென்று குவியல். நப்பாசையில் ஒரு சொட்டு விட்டேன். அடர் நீலம். என் ஏரியாவில் அயோடின் குறைபாடு இல்லாத ஒரே ஆள் அம்மன்தான்.

நான் குனிந்திருக்கும்போதே பின்னால் ஜீப் வந்து நின்றது. வடக்கத்திய எம்.பி. அம்மா ஒருவர் இறங்கினார். கூடவே மொழிபெயர்க்க ஒரு அதிகாரி, அவருக்குப் பின்னால் எங்கள் டாக்டரம்மா. அந்த நீலம் என்ன என்று எம்.பி. அம்மா கேட்டார். டெஸ்ட் என்றேன்.

"இந்த ஊர்ல இந்த உப்புலதான் சமைக்கிறீங்களானு கேக்குறாங்க," என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் மாரியம்மாள் முந்திக்கொண்டார்.

"இதுலயா? கொழம்பு வெஞ்சனத்துல போட்டா சப்புனு இருக்கும். வெலையும் அம்புட்டு. சார் சும்மா குடுத்தாரு, சாமிக்குப் போட்டுட்டோம். சாமி என்ன நாக்குல வச்சா பாக்கப் போவுது?"

அதிகாரி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே ராமநாதபுரம் தெரிந்தது. நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

எம்.பி. அம்மா நன்றாகச் சிரித்தார். "விலை குறைஞ்சா வாங்குவாங்களானு கேக்குறாங்க," என்றார் அதிகாரி. "கல்லாவே குடுத்தா வாங்குவோம்," என்றார் மாரியம்மாள். அந்த ஊரில் வேலை பார்த்த அத்தனை காலத்தில் நான் கேட்காத கேள்வி அது. அயோடின் கலந்த கல் உப்பு பிற்பாடு கடைக்கு வந்தபோது அவரும் வாங்கினார்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மேலிடம் வருகிறது என்றால், எதைப் பார்க்க வருகிறார்கள் என்று இரண்டாம் தடவையும் கேட்டு வையுங்கள்.

அந்தக் கமிட்டி வந்தது பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பார்க்க. கோயிலிலிருந்து நேராக அங்கேதான் போனார்கள். எம்.பி. அம்மா குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. அந்த வாரம் முழுக்க உப்பைச் சுமந்துகொண்டு நான் போய்வந்தது அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான்.