பார்த்த பெல்ட்டும் பார்க்காத பெல்ட்டும்

லிஃப்ட்காரரிடம் போய் "பாத்துக்கலாம்" என்று மட்டும் யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் தொலைந்தார்கள்.

அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிப்பதுதான் அவருடைய தொழில். ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச். லிஃப்ட் ஓடும் அந்த இருட்டுக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, இரும்புக் கயிறுகளைத் துணியால் மேலிருந்து கீழாக உருவுவார். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு இழை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கயிறு மாற்றும் காலம் வந்துவிட்டது என்று தெரிந்தால், கட்டடச் செயலாளர் எந்த வேலையில் இருந்தாலும் போய் நின்றுவிடுவார்.

"இப்ப நல்லாத்தானே சார் ஓடுது? அடுத்த கூட்டத்துல பேசிட்டு பாத்துக்கலாமே."

"நல்லா ஓடுறப்பதான் சார் மாத்தணும். அறுந்தப்புறம் கூப்பிடுறதுக்கு நான் எதுக்கு, ஆம்புலன்ஸ் போதும். தேதி சொல்லுங்க."

தேதி வாங்காமல் படியிறங்க மாட்டார். இதனாலேயே வாட்ச்மேன்கள் அவருக்குத் 'தேதி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "தேதி வர்றாருப்பா, சேரை விட்டு எந்திரி" என்பார்கள். காதில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே போவார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு பழைய கார் இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்போதே பழசாக வாங்கியது. விடுமுறை நாளில் அதைக் குளிப்பாட்டித் துடைத்து, கண்ணாடியில் மூச்சு விட்டுத் தேய்க்கிற அழகைப் பார்க்கவேண்டுமே! "போங்க, போய் உங்க மூத்தவளுக்குப் பவுடர் போட்டு விடுங்க. இங்க ஒருத்தி காபியோட நிக்கிறது எங்க கண்ணுக்குத் தெரியப்போகுது" என்பாள் மனைவி. சக்களத்திப் பேச்சு என்றாலும் அவளுக்கும் அந்த வண்டி மேல் பாசம்தான்.

ஆனால் பானெட்டை மட்டும் அவர் திறந்ததே கிடையாது. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். லிஃப்ட் வேலை பார்க்கும்போது எவனாவது எட்டிப் பார்த்து "அந்த போல்ட்டை முறுக்குங்க" என்று யோசனை சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவன் தொழிலில் தானும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுப்பார், "பெல்ட்டு கில்ட்டு எல்லாம் பாத்துக்கங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்வார், போய்விடுவார்.

மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். லைசென்ஸ் எடுத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. "ஷிப்ட் முடிஞ்சு எந்நேரமோ வரணும், வண்டியை நீயே வச்சுக்கோ" என்று அப்பா சாவியைக் கையில் வைத்ததும் அவள் குதித்த குதியில் பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். வேலையில் சேர எட்டு நாள் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக மலை ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் அவளையே ஓட்டவிட்டுப் பழக்கிக்கொண்டும் வந்தார்கள். பின்சீட்டில் அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் விடமாட்டாள். மருந்து அட்டையிலிருந்து சோப்பு உறை வரை படித்தே தீர வேண்டும். மகளுக்காகக் காரைச் சுத்தம் செய்யும்போது, முன்பெட்டியில் கிடந்த கையேடு அகப்பட்டது. ஜன்னலோரமாக எடுத்துப் போய், மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொல்லி நெடுநாள் ஆயிற்று. அவளுக்குத்தான் முடிக்க வேண்டிய புத்தகம் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்ததே. அவரும் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று தலையாட்டியதோடு சரி.

"என்னங்க, டைமிங் பெல்ட்டுன்னு ஒண்ணு போட்டிருக்கு. இத்தனை தூரம் இல்லேன்னா இத்தனை வருஷம், எது முந்துதோ அதுக்குள்ள மாத்தணுமாம். மாத்தியாச்சா?"

"எப்பவோ ஆச்சு. மெக்கானிக்கிட்ட பாத்துக்கங்கன்னு சொல்லியிருக்கேன்."

"மாத்துங்கன்னு சொன்னீங்களா, பாத்துக்கங்கன்னு சொன்னீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானேடி!"

"எப்படி ஒண்ணாகும்? நீங்க சொன்ன வார்த்தை என்ன, அதைச் சொல்லுங்க."

ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனாலே ஒரு பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். அவளிடம் இவர் ஜெயிக்க முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே சனிக்கிழமை காலையில் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மெக்கானிக் நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவன். கேட்டதும் முகம் மலர்ந்தது. "பாத்துக்கங்கன்னு சொன்னீங்கல்ல அண்ணே, ஒவ்வொரு தடவையும் பாத்தேன். சும்மா கல்லு மாதிரி இருக்கு." பானெட்டைத் தூக்கி, விசிறிப் பக்கம் ஓடுகிற பெல்ட்டைச் சுண்டிக் காட்டினான்.

"அது டைமிங் பெல்ட்டா தம்பி?" என்று அவள்தான் கேட்டாள்.

"இல்ல அண்ணி, அது உள்ள மூடிக்குள்ள இருக்கும். அதை நீங்க... அண்ணன் மாத்தச் சொல்லலையே?" என்றவன் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "அது வேற எங்கயோ மாத்தியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் சொன்னது ஒன்று, இவன் புரிந்துகொண்டது ஒன்று. இத்தனை வருடமும் ஒருத்தர் 'மாற்றியாச்சு' என்று நிம்மதியாக இருந்தார். இன்னொருத்தன் வெளியே தெரிகிற பெல்ட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கூத்து!

மூடியைக் கழற்றினான். லிஃப்ட்காரர் டார்ச்சை அடித்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

கறுப்பு ரப்பர் பட்டை. விரல் தடிமன்கூட இல்லை. உள்பக்கம் முழுக்கப் பல்லு. அந்தப் பல்லில் இரண்டு மூன்று இடத்தில் ஒன்றுமே இல்லை, பொக்கை. ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. பழக்கதோஷத்தில் துணியை எடுத்து மெல்ல உருவிப் பார்த்தார். ஒரு விரற்கடை நகர்வதற்குள் சிக்கியது. மறுபடி சிக்கியது.

"இது அறுந்தா என்ன ஆகும் தம்பி?"

மெக்கானிக் இரண்டு கையையும் எடுத்துக் காட்டினான். "வால்வு இறங்கி வர்ற அதே இடத்துக்குத்தான் அண்ணே கீழேயிருந்து பிஸ்டன் ஏறி வரும். இது விலகினப்புறம்தான் அது வரணும். அந்தக் கணக்கை வச்சிருக்கிறது இந்தப் பட்டைதான். இது போச்சுன்னா ரெண்டும் மோதி எல்லாம் நொறுங்கிடும். ஓடுற வண்டி அப்படியே செத்துப்போகும், ஸ்டியரிங் இறுகிடும், பிரேக்கும் கல்லாயிடும்."

"அறுந்தா பிடிச்சு நிறுத்த வேற ஏதாவது..." லிஃப்டில் ஒரு கயிறு போனால் தாங்க மற்ற கயிறுகள் இருக்கின்றன. எல்லாமே போனாலும் லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கக் கொக்கி இருக்கிறது. "இதுக்குத் துணை எதுவும் கிடையாதா?"

"கிடையாது அண்ணே. ஒத்தை ஆளுதான்."

ஒத்தை ஆள்! மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டது இதுதான். மழையில் கடைசிப் பரீட்சைக்குக் கொண்டுபோனது இதுதான். போன ஞாயிறு, பல் உதிர்ந்து நூல் பிரிந்த வாயோடு, இந்த மூன்று பேரையும் அத்தனை வளைவிலும் தூக்கிக்கொண்டு ஏறியதும் இதேதான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனார்கள். அடேயப்பா, ஒரு சத்தம் போட்டதா, ஒரு முனகல் உண்டா? கண்ணுக்கே தெரியாமல் மூடிக்குள் இருந்துகொண்டு, ஒரு சுற்றுக்குக்கூடக் கணக்குத் தப்பாமல்! கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

மெக்கானிக் இறுக்கத்தைத் தளர்த்தி அதை வெளியே இழுத்தான். பாதி வருவதற்குள் சத்தமே இல்லாமல் இரண்டாக அறுந்து கையோடு வந்துவிட்டது.

"அம்மாடி" என்றாள் அவள்.

புதுப் பெல்ட் வெளியூரிலிருந்து வரவேண்டும், செவ்வாய்க்கு முன்னால் கிடைக்காது என்றான் மெக்கானிக். வண்டி பட்டறையிலேயே நின்றது. மகளுக்குக் கோபமான கோபம். "திங்கட்கிழமை வரைக்கும் தாங்கியிருக்காதாப்பா? இத்தனை வருஷம் தாங்கலையா?" என்றாள். அவர் அறுந்த பட்டையை மேஜை மேல் வைத்தார். அவள் எடுத்தாள், பொக்கையை விரலால் தடவினாள், வைத்தாள். அப்புறம் பெட்டியைக் கட்டப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடிகாலை பஸ்சில் ஏற்றிவிடப் போனார்கள். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அப்பா, அம்மாவைப் பாத்துக்கங்க" என்றாள் மகள்.

"பாத்துக்கிறேன் கண்ணு" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்ன வார்த்தை அவருக்கே சுருக்கென்று தைத்தது.

பஸ் கிளம்பியது. மனைவி விடாமல் கையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மகளுடைய பஸ் வளைவில் போய்க்கொண்டிருந்தது. அவள் கையாட்டிக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற வேறொரு பஸ்சைப் பார்த்து. முகம் நிறையச் சிரிப்பு. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா வரி வரியாகப் படித்தாள்? இந்தக் கண்ணா கையேட்டில் அந்த ஒரு வரியைப் பிடித்து மகளைக் காப்பாற்றியது? ஒரு முனகல் உண்டா இவளிடம்?

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?"

"வா, கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்புறம் வீட்டுக்குப் போலாம்."

"இப்பவேவா? கையில இருக்கிற புத்தகம் முடியட்டும், பாத்துக்..."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் லிஃப்ட்காரர். "தேதி சொல்லு."