இருவாச்சியைப் பார்த்தது யார்

டிசம்பர் முடியப் போகிறது என்றாலே எனக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஊரே புத்தாண்டு வாழ்த்துச் சொல்லித் திரிகிற நேரத்தில், கரண்டியை எடுத்து யார் தலையில் போடலாம் என்று நான் ஆள் தேடிக்கொண்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். வாங்கிய பெயரை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

விஷயம் இதுதான். என் கணவர் வீட்டாருக்குப் போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. அதற்குள் நாலு அறை வைத்து ஓர் ஓட்டு வீடு. வருடா வருடம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் போடியிலிருந்து ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். நாலு நாள் அங்கேயே இருப்போம். அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். நடுவில் என் கணவர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சின்னவர் மதுரையில் எஞ்சினியர். பறவை பார்ப்பது, புத்தகம் படிப்பது, புதிர் போடுவது, லீவுக்கு டிவியில் போடுகிற படங்களைப் பார்ப்பது. இந்த நாலு நாளும் இதைத் தவிர வேறு சோலி கிடையாது என்று மூவரும் கூடி எடுத்த முடிவு. வருடம் எப்படித் தொடங்குகிறதோ அப்படித்தான் முழுக்க ஓடுமாம். அதனால் அமைதியாகத் தொடங்க வேண்டுமாம். அமைதி அவர்களுக்கு, அடுப்பு எனக்கு. இருபது வருடத்துக்கு மேலாக என் புத்தாண்டு அப்படித்தான் தொடங்கியது, அப்படித்தான் ஓடியது.

மூத்தவரின் மனைவி மூட்டுவலி என்று சொல்லி மலையேறுவதை என்றைக்கோ நிறுத்திவிட்டார். கெட்டிக்காரி. போடி வீட்டில் ஒரு நாளைக்கு முப்பது தடவை மாடிப்படி ஏறி இறங்கும்போது அந்த வலி எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. மிச்சம் நானும் ஓரகத்தியும், அதாவது சின்னவரின் மனைவி. அவள் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். தேங்காயைத் துருவு என்றால் துருவுவாள், மாவை எடு என்றால் எடுப்பாள்.

விடியற்காலை ஐந்தரைக்கு மூன்று ஆண்களும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்குவார்கள். இறங்குவதற்கு முன்னால் கட்டன் காப்பி. எட்டரைக்கு ஏறி வரும்போது ஆவி பறக்க இட்லி. சாப்பிட்டுக்கொண்டே எந்த மரத்தில் எந்தக் குருவி உட்கார்ந்தது, எந்தப் பக்கம் வாலை ஆட்டியது என்று பேசுவார்கள். பிறகு வெயிலில் நாற்காலியைப் போட்டுப் புத்தகம் படிப்பார்கள். நானும் ஒரு தடித்த நாவலை மூன்று வருடமாக அங்கே தூக்கிப் போய்த் தூக்கி வந்தேன். நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கதையில் அந்தப் பெண் ரயிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ரயில் கிளம்பவில்லை.

மத்தியானம் புதிர். ஆயிரம் துண்டாக வெட்டிய அட்டைப் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிடுவார்கள். அது முடிகிற வரை மேஜை மேல் ஒரு தட்டு வைக்க முடியாது. என் கணவருக்குக் குறுக்கெழுத்து. உள்ளே குழம்பு கொதிக்கும்போது வெளியிலிருந்து குரல் வரும்.

“ஏம்மா, மணமுள்ள காய், அஞ்சு எழுத்து, ‘ஏ’ல தொடங்குது.”

ஏலக்காய் வியாபாரி மகன், ஏலத்தோட்டத்து நடுவில், ஏலச்செடியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? அந்தக் கட்டங்களில் பாதிக்கு மேல் நான் அடுப்படியிலிருந்து கத்திய விடைகள். நிரப்பி முடித்ததும் அடியில் தேதி போட்டுத் தன் கையெழுத்தையும் போடுவார். சாயங்காலம் படம். பாதிப் படத்தில் யாராவது ஒருவர், “மழை வர்ற மாதிரி இருக்கு, பஜ்ஜி போட்டா நல்லா இருக்கும்” என்பார். போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் கதாநாயகன் கல்யாணக் கோலத்தில் நிற்பான். வில்லன் செத்தானா திருந்தினானா என்று தெரியாமலே எத்தனையோ படங்களை நான் பார்த்து முடித்திருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நான் சொல்ல வந்தது பறவை நோட்டைப் பற்றி.

என் மாமனார் காலத்துக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஏலக்காயை ஒருவர் மட்டும் பார்த்துத் தரம் சொல்லக் கூடாது. ஒருவர் தட்டில் கொட்டிப் பார்த்துச் சொன்னதை இன்னொருவரும் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். ‘ரெண்டு கண்ணு’ என்பார்கள் அதை. ரெண்டு கண்ணு படாத மூட்டை கடையை விட்டு வெளியே போகாது. மாமனார் போன பிறகு மூத்தவர் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து பறவைகள் தலையிலும் கட்டிவிட்டார். இரண்டு பேர் பார்த்த பறவைதான் நோட்டில் ஏறும். பார்த்தவர், உடன் பார்த்தவர் என்று கோடு போட்டு வைத்திருந்தார். அந்த நோட்டில் ஏறாமல் வெகுநாள் டிமிக்கி கொடுத்த பறவை பெரிய இருவாச்சி. வருடா வருடம் மூன்று பேரும் அதைத் தேடி ஓடையெல்லாம் அலைந்துவிட்டு வெறும் கையோடு வருவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால், ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு, அது என்னைத் தேடி வந்தது. காப்பிச் சக்கையைக் கொட்டுவதற்குச் சட்டியோடு பின்பக்கம் போயிருந்தேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரிச் சத்தம் தலைக்கு மேலே. நிமிர்ந்தால் அத்தி மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாடி, எவ்வளவு பெரிய பறவை! அலகுக்கு மேலே இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி மஞ்சள் கொண்டை. கண் சிவப்பு. ஒரு பழத்தைப் பறித்து மேலே தூக்கிப் போட்டு வாயால் பிடித்தது. இன்னொன்று. இன்னொன்று. பறந்துவிடுமோ என்று நான் மூச்சுக்கூட விடவில்லை. போகும்போது சிறகில் வெள்ளைப் பட்டை தெரிந்தது. என் ஐம்பது வருட வாழ்க்கையில் எந்தப் புத்தாண்டும் எனக்கு அப்படித் தொடங்கியதில்லை.

ஆண்கள் ஏறி வந்ததும் சொன்னேன்.

“சாம்பல் இருவாச்சியா இருக்கும் ஆத்தா. இந்தப் பக்கம் அதுதான் கெடக்கு” என்றார் மூத்தவர்.

“இல்ல அத்தான். மஞ்சக் கொண்டை. செவப்புக் கண்ணு. செறகுல வெள்ளை.”

“அடுப்புப் பொகைல கண்ணு கலங்கியிருக்கும் மதினி” என்று சிரித்தார் சின்னவர். அந்த வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. அதில் ஏது புகை?

மூத்தவர் தம்பிகளைப் பார்த்து, “வேற யாரும் பாத்தாங்களா? இல்லேல்ல? ஒரு கண்ணு. ஏறாது” என்று நோட்டை மூடினார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, “சட்னி கொஞ்சம் கொண்டா” என்றார். முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பதிவுத் தபால் டெல்லி வரைக்கும் போயிருக்கிறது. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் தாண்டி என் பேச்சு போகவில்லை. சட்னியைக் கொண்டுவந்து ஊற்றினேன். ஊற்றிய என்னை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி ஒரே மூடுபனி. நனைந்துவிடும் என்று நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். ஜீப் டிரைவர் போடிக்கு இறங்குவதாகச் சொன்னார். ரவை, பால் பாக்கெட் என்று எழுதிக் கொடுக்க ஒரு தாள் வேண்டியிருந்தது. நோட்டில் கடைசித் தாளைக் கிழிக்கலாம் என்று புரட்டினேன். நாலு வருடத்துக்கு முந்தைய பக்கம் கண்ணில் பட்டது.

பெரிய இருவாச்சி. ஆண், கண் சிவப்பு. வீட்டின் பின்புறம் அத்தி மரம். பார்த்தவர் என்ற இடத்தில் என் கணவர் பெயர். உடன் பார்த்தவர் என்ற இடத்தில் சின்னவர் பெயர். ஜனவரி இரண்டாம் தேதி என்று போட்டிருந்தது. நான் பார்த்ததற்கு மறுநாள்.

அடுப்பை அணைத்தேன். டிரைவரை வெறும் கையோடு அனுப்பினேன். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டரைக்கு வந்தார்கள்.

“இட்லி ஆகலையா?” என்றார் கணவர்.

“ஆகல. இத யாரு எழுதுனது?”

குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அட, இதா. ஒனக்காகத்தாம்மா எழுதுனேன். நீ பாத்தேன்னா அண்ணன் ஏத்துக்க மாட்டேங்கிறாரு. அவ்வளவு பெரிய பறவை விட்டுப்போயிரக் கூடாதுல்ல? மறுநா நாங்க ரெண்டு பேரும் பாத்ததா ஓடைப் பக்கம் வச்சே அண்ணன்ட்ட சொல்லிட்டேன்.”

“எனக்காக எழுதுனீங்க. பேரு மட்டும் ஒங்க பேரு.”

“யாரு பேரா இருந்தா என்னம்மா, பறவை ஏறிருச்சுல்ல?”

சின்னவர் நெளிந்தார். “சின்னண்ணன் போடுறான்னாரு, போட்டேன் மதினி. இம்புட்டு யோசிக்கல.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சமாதானம் செய்துவிட்டு இட்லி கேட்பார்கள் என்று தெரியும். விழுங்கிக்கொண்டேன். “நான் பாத்ததா அன்னைக்கு நீங்க நம்புனீங்களா, இல்லையா?” என்று கணவரைக் கேட்டேன்.

“நம்புனேன். நீ சொன்ன அடையாளம் பூராம் சரி.”

“அப்ப ஏன் வாயத் தொறக்கல? இப்பத் தொறங்க. ஒங்கண்ணன் இந்தா உக்காந்திருக்காரு.”

கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார், “அண்ணே, அத நான் பாக்கல. தம்பியும் பாக்கல. அவதான் பாத்தா.”

மூத்தவர் முகம் சுருங்கிப்போனது. “அப்பா வழக்கத்த எழுதுற நோட்டுலயாடா பொய் எழுதுனீங்க?” என்றார். உண்மையிலேயே அவருக்கு வலித்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் பெயரை எழுதப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் இனிஷியலோடு எழுதச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் புதிர் டப்பாவின் மூடியை எடுத்து விளிம்பை வரிமேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேராக ஒரு கோடு போட்டார்.

“ஒரு கண்ணுதான ஆத்தா. இருக்கக் கூடாது” என்றார்.

என் கணவர் பார்த்ததாக இருந்த வரைக்கும் நாலு வருடம் அந்தப் பறவைக்கு ஒரு குறையும் இல்லை. நான் பார்த்தது என்று ஆன மறுநிமிடம் அடிபட்டுப்போனது. நான் எழுந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பது வரிசையாக ஞாபகம் இல்லை. இருபது வருட இட்லி, பஜ்ஜி, ஏலக்காய்க்கு அஞ்சு எழுத்து, எல்லாம் வந்தது. மூத்தவரை அதுவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

“நானும் பாத்தேன்.”

அடுப்படி வாசலில் ஓரகத்தி நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். “கொழாயடில பாத்திரம் கழுவிட்டிருந்தேன். பழத்த மேல போட்டுப் போட்டுப் பிடிச்சுச்சு. ஏழு பழம். அக்கா சட்டியோட நின்னாங்க. பெருசுதான் அது. சாம்பல் இல்ல.”

மூத்தவர் கையில் பேனா அப்படியே நின்றது. சின்னவர், “இத்தன வருசமா ஏன் சொல்லல?” என்றார். அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். மற்ற மூன்று பேர் மேல் இருந்ததையெல்லாம் சேர்த்து அவள் மேல் கொட்டினேன்.

“ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு வருசம் நான் இந்த அவமானம் படணுமா? நான் சொல்லும்போது எம்பக்கத்துலதான நின்ன?”

அவள் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“மூத்தத்தான் அவுக தம்பிகளப் பாத்துத்தான் கேட்டாரு. என்னையக் கேக்கல” என்றாள். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்களும் கேக்கலியேக்கா” என்றாள்.

மறுபடியும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த தட்டை எடுத்து நானே துடைக்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடமாக என்னோடு அதே அடுப்படியில் நிற்கிறவள். பறவை பார்க்க அவளுக்குப் பிடிக்குமா, ஏதாவது படிப்பாளா என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.