பின்னறையின் பச்சை

2013 ஓகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு எங்கள் பெரியகல்லாற்று வீட்டின் பின்னறையில் நிறம் பூசும் வேலை தொடங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆவணிக் கடைசியில் அக்காவுக்குக் கலியாணம் என்பதால் அப்பா ஒரு பெயின்ற் பாஸை, தேர்ந்த நிறப்பூச்சுக்காரரை, பேசியிருந்தார். பாஸ் தம் தங்கையின் கணவரையும் துணைக்குக் கூட்டிவந்தார். வந்த நாளிலிருந்து அன்றுவரை இருவரும் நிறம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சுரண்டினார்கள், கழுவினார்கள், வாவிக்காற்று ஏற்றிவைத்திருந்த உப்பு இறங்கும்வரை சுவரை உலரவிட்டார்கள். “கலியாணம் பொம்பிளைக்கா, சுவருக்கா? இப்பிடிக் குளிப்பாட்டுறாங்க” என்று அப்பா அம்மாவிடம் முறையிட்டார். எனக்கோ பாஸைப் பார்ப்பதற்காகவே விடிந்தால் போதும் என்றிருந்தது. சுவரோடு கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடி, அதன் நீளத்தை நோக்குவார். பிறகு எழுந்துபோய், எனக்குத் தெரியாத ஒரு மேட்டை மட்டும் தேய்த்துவிட்டு வருவார்.

எனக்கென்று ஒரு திட்டமிருந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் மணப்பெண்கள் அழுதுகொண்டே கணவன் வீட்டுக்குப் போவதை நான் கவனித்திருந்தேன். ஆகவே அக்கா போனதும் வாவியைப் பார்த்த பின்னறை எனக்கு. அதற்கு நிறமும் தெரிவுசெய்திருந்தேன்: விதைத்துச் சில வாரங்களில், எங்கள் வயல்வட்டையில் நெற்பயிர் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும்போது தெரியும் பச்சை. இதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருப்பதாகவும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார். வீடு மகளுக்கு. அம்மாவுக்குச் சீதனமாக வந்த அந்த வீடு இப்போது அக்காவின் பெயருக்கு மாறியிருந்தது. வளவின் மூலையில் அப்பா கட்டிக்கொண்டிருந்த சிறு வீடு அம்மாவுக்கும் அவருக்கும் எனக்கும். ஊரில் எல்லோரும் அறிந்த இந்தச் செய்தியை எனக்கு யாரும் தனியே சொல்லவில்லை. அந்தச் சிறு வீட்டை நான் நெல்மூட்டை அடுக்கும் கொட்டில் என்றே நம்பியிருந்தேன்.

அன்று காலை பாஸ் வாளியைத் திறந்து, பிறஷைத் தோய்த்து, விளிம்பில் இருபுறமும் வழித்தார்.

“முதல் பிறஷ் வீட்டுக்காரிட கையால வைக்கணும்” என்றார்.

அப்பாவின் கை பழக்கத்தில் நீண்டது. பாதியில் நின்று மீசையைத் தடவப் போய்விட்டது. அம்மா ஓரடி பின்னால் நகர்ந்து அக்காவுக்கு வழிவிட்டார். அக்கா பிறஷை வாங்கியபோதுதான் அதிலிருந்து சொட்டிய நிறத்தைக் கண்டேன். கிறீம். ஓடிப்போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன்.

“இந்த அறைக்குப் பச்சைதான்.”

“இஞ்சால வா புள்ள” என்றார் அப்பா. “மாப்பிள வீட்டார் எல்லா அறைக்கும் கிறீம்தான் கேட்டவங்க.”

நான் அசையவில்லை.

“அப்ப புள்ளயையும் சேத்தே அடிப்பம் மச்சான்” என்றார் பாஸின் துணையாள்.

“நீ வாய மூடு. உன்ட தலையில கிடக்கிற கிறீமே காணும்” என்றார் பாஸ்.

“உங்கட தங்கச்சிய முடிச்ச அண்டைக்கே என்ட நிறம் போயிற்று. இதாவது இருக்கட்டுமே.”

சிரிக்காதவர் அப்பா மட்டும்தான். என்னைத் தூக்கிப்போக அவர் குனிந்தபோது பாஸ் மெல்ல இடையில் வந்தார்.

“ஐயா, இதில நீங்களும் நானும் கதைச்சுச் சரிவராது. பிறஷ் ஆர்ர கையில இருக்கோ, அவங்கதான் சொல்லணும்.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். கலியாணச் சேலையின் நிறத்தைக் கேட்டபோதுகூட, அப்பாவிடம் கேளுங்கள் என்று சொன்னவர் அவர்.

“அப்பாட்ட...” என்று தொடங்கினார். கையிலிருந்த பிறஷைப் பார்த்தார். “பச்சையே அடிங்க. மாமிட்ட நான் சொல்லுவன்.”

அப்பா தொண்டையைச் செருமினார். “அப்ப அந்தக் கிறீம் வாளி?”

“விறாந்தைக்குப் போகும் ஐயா” என்று பாஸ் மரியாதையாகச் சொன்னார்.

பிறகு அவர் வெள்ளைப் பெயின்றில் பச்சைச் சாயத்தைத் துளித்துளியாக விட்டுக் கலக்கினார். ஒவ்வொரு தடவையும் தம் பெருவிரல் நகத்தில் தொட்டு, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இதா மனே?” என்று என்னைக் கேட்டார். வெளிறியிருக்கிறது என்றேன். “காஞ்சாக் கறுக்கும். பொறு” என்று ஒரு பழைய பலகைத் துண்டில் பூசி வெயிலில் வைத்தார். காய்ந்த பலகையில் எங்கள் வட்டை இருந்தது. அக்கா முதல் பூச்சை வைத்தார். அது கோணலாக இறங்கியது.

பாஸ் ஏணியில் ஏறி, மூச்சை அடக்கி, மேல்விளிம்பைக் கை நடுங்காமல் வரைந்துகொண்டே போனார். அந்த ஈரம் காயும்முன் துணையாளின் றோலர் கீழிருந்து வந்து அதைத் தொட்டது. ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர்ந்தார். ஒருவரையொருவர் நையாண்டி செய்யாமல் இருக்கமுடியாத அந்த இருவரும் ஒரு சுவர் முடியும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அக்காவின் கோணல் பூச்சு எங்கே கரைந்தது என்று தேடினேன். இரு பூச்சுகள் சேர்ந்த இடம் எங்குமே தெரியவில்லை. அதன்பின் எத்தனையோ சுவர்களைப் பார்த்துவிட்டேன். அப்படியொன்றைக் காணவில்லை.

மறுநாள் காலை, பெயின்ற் மணம் போகுமுன்பே, என் பாடப்புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். யன்னற்படியில் அவற்றை உயர வரிசையில் அடுக்கத் தொடங்கினேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

“நீங்க போனாலும் இந்த அறைய நான் வடிவா வச்சிருப்பன். பயப்பிடாதீங்க” என்று அவருக்கு உறுதி கூறினேன்.

“ஓம், வச்சிரு” என்றார் அக்கா. உள்ளே வந்து, யன்னலோரம் கிடந்த தம் துணிப்பெட்டியை அறையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினார்.

இடம் போதுமானதாயிற்று. நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.