நூற்றுப் பதினெட்டாம் கிலோமீட்டர்

இது நடந்தது. நடந்த அன்று நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலில் கிடக்கவில்லை. இரவுகூட இல்லை, பட்டப்பகல். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். நெடுஞ்சாலையோரம் இருபது வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தியவள் நான். லாரி டிரைவர்களில் பாதிப் பேர் பேய் பார்த்தவர்கள்தான். ஒருவனுக்குத் தலையில்லாத குதிரை தெரியும், இன்னொருவனுக்கு மணப்பெண். "எத்தனாவது பாட்டிலுக்கு அப்புறம் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு டீயை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தக் கடையைச் சுங்கச்சாலை விழுங்கிவிட்டது. எங்கள் கஜகஸ்தானில் கொஞ்ச வருஷமாக இந்தப் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. தலைநகரிலிருந்து எல்லாப் பக்கமும் டோல் ரோடு இழுத்தாயிற்று. அடுத்து இன்னும் இழுக்கப் போகிறார்களாம், அதற்கும் பெரிய பெரிய போர்டு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரும்பு வேலி. வழியில் ஒரு டீ கிடையாது, சாய்ந்து நிற்க ஒரு சுவர் கிடையாது, ஒதுங்கக்கூட இடம் கிடையாது. ஆனால் கிலோமீட்டருக்கு ஒரு நீலக் கம்பம் உண்டு. அவசரத் தொலைபேசியாம். திறப்பு விழாவில் அதைக் காதில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை அதற்குள் ஒயர் போகவில்லை.

அந்த அழகான சாலையின் கட்டுப்பாட்டு அறையில்தான் என் தங்கை அக்மராலின் புருஷனுக்கு உத்தியோகம். பெயர் மெய்ராம்பெக். போன வருஷம்வரை ஃபோன் எடுத்துப் பதில் சொல்கிறவன். இப்போது அதிகாரி, கழுத்தில் டை. குளிக்கும்போதாவது கழற்றுகிறானா என்று தங்கையிடம் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி மாதம். அவர்களுடைய பிள்ளை எலாமன் பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. நாற்பது கழியாத பிள்ளையை நாங்கள் வாசல் தாண்ட விடமாட்டோம். ஆனால் தலைநகரில் இவனுடைய மேலதிகாரி வீட்டு விருந்து. பிள்ளையோடு வாருங்கள் என்று அந்த மகராசன் வாய் தவறிச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அதோடு இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாப்ள, பனிப்புயல் வருதுன்னு ரேடியோல கத்துறாங்க" என்றேன்.

"அது பழைய ரோட்டுக்குக்கா. நம்ம ரோடு உலகத்தரம்."

"உலகத்தரத்து மேல பனி பெய்யாதோ?"

அவன் சாவியை ஆட்டிக்கொண்டு வெளியே போனான். அக்மரால் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கமாட்டாள், சிறுவயதிலிருந்தே அப்படி. இவனை நம்பி அந்தப் பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் கிளம்பினேன்.

கிளம்பும்போது அடுப்புக் கதவில் படிந்திருந்த கரியை மோதிர விரலால் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். பயணம் போகிற பிள்ளைக்கு வைப்பது. கண் படக்கூடாது, வழியில் வேறு எதுவும் கிட்டே வரக்கூடாது.

இரண்டு மணிக்கு டோல்கேட். தடுப்புக் கட்டை கீழே இறங்கிக் கிடந்தது. சிவப்பு விளக்கு. புயலுக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. அறிவுள்ளவன் வண்டியைத் திருப்பியிருப்பான். மெய்ராம்பெக் ஃபோனை எடுத்தான்.

"நான்தான்டா பேசுறேன். கட்டையத் தூக்கு."

தூக்குவதற்குள் பின்பக்கம் திரும்பி, ஈரத் தாளால் பிள்ளையின் நெற்றியை அழுத்தித் துடைத்தான்.

"அங்க போட்டோ எடுப்பாங்க. இது என்ன அசிங்கம்?"

"உன் டைய விடவா அசிங்கம்?" என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. கரி போய்விட்டது. பிள்ளை அழ ஆரம்பித்தான்.

கட்டை எங்களுக்காக மட்டும் உயர்ந்தது. மேலே கேமரா மின்னியது. ஒரு வண்டிக்கு ஒரு தடவை மின்னும்.

எங்கள் வண்டி தாண்டியதும் இன்னொரு தடவை மின்னியது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை.

"ரெண்டு தடவை அடிச்சிச்சே, மாப்ள?"

"கோளாறுக்கா."

"உலகத்தரம்" என்றேன்.

அரை மணி நேரம் ஓடியிருப்போம். அதற்குள் உலகம் காணாமல் போனது. வானம் வெள்ளை, தரை வெள்ளை, முன்கண்ணாடி வெள்ளை. எங்கள் ஊர்க்காரர்கள் காலாகாலமாகப் பயப்படுகிற புயல் அது. டை கட்டியவனைப் பார்த்து அது ஒதுங்கிப் போகவில்லை. வண்டி ஒரு பனிமேட்டில் ஏறி வயிறு பதிந்து நின்றுவிட்டது. சக்கரம் சும்மா சுற்றியது. பக்கத்தில் ஒரு நீலக் கம்பம் மங்கலாகத் தெரிந்தது. நூற்றுப் பதினெட்டு என்று எழுதியிருந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததும் மெய்ராம்பெக் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்லக்கா."

தன் அலுவலகத்துக்கே ஃபோன் போட்டான். யாரோ ஒரு பெண் எடுத்தாள். இவன் பெயரைச் சொல்வதற்குள் அவள் கடகடவென்று ஒப்பித்தாள். வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"வண்டிய விட்டு இறங்காதீங்க. உதவி வண்டி கிளம்பிடுச்சு."

லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

"அப்புறமென்ன, வருதாம்ல" என்றேன்.

அவன் கையிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கேருந்து கிளம்பிச்சுன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சொல்ல மாட்டாங்கக்கா" என்றான். குரல் அவனுடைய குரலாகவே இல்லை. குளிர் என்று நினைத்தேன்.

பெட்ரோலும் நிரப்பாமல் வந்திருக்கிறான். நாலு மணிக்கு என்ஜின் நின்றது. ஹீட்டர் நின்றது. கண்ணாடியில் உட்பக்கமாகப் பனி பூக்கத் தொடங்கியது. பிள்ளையை அக்மரால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நான் என் கோட்டைக் கழற்றி மேலே போர்த்தினேன். அழுதுகொண்டிருந்த பிள்ளை முனக ஆரம்பித்தான். பிறகு முனகலும் குறைந்தது.

எனக்குப் பயம் வந்தது. சொல்ல வெட்கமில்லை. குளிரில் அழுகிற பிள்ளை பிழைக்கும். அழுகையை நிறுத்துகிற பிள்ளை...

"மாப்ள, வேலிக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்குமே?"

"இருக்கும். வேலியத் தாண்ட முடியாதுக்கா."

"யாருடா கட்டினது அந்த வேலிய?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். என்ஜின் நின்று நேரமாகிவிட்டது. வண்டியில் எரிவதற்கு எதுவும் இல்லை.

முன்னால், வெள்ளைக்கு நடுவே, ஓர் ஆரஞ்சு நிறம். சின்னதாக. அசையாமல்.

அந்தக் காற்றில் நெருப்பு சாய வேண்டும். சாயவில்லை. நேராக எரிந்தது.

"நெருப்பு... யாரோ இருக்காங்க, மாப்ள."

"பாக்காதீங்கக்கா."

"என்ன பாக்காதீங்க? ஹாரன் அடி."

"அக்கா... பாக்காதீங்க."

டக்... டக்... டக்.

என் பக்கத்துக் கண்ணாடி.

ஓர் ஆள் நின்றான். பழைய கம்பளித் தொப்பி, லாரி டிரைவர்கள் போடுகிற பஞ்சு வைத்த கோட்டு. என் கடையில் இதே மாதிரி ஆயிரம் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். முகத்தைக் கண்ணாடிக்கு மிகவும் கிட்டே வைத்திருந்தான்.

கண்ணாடியில் ஆவி படியவில்லை.

தோளில் பனி நிற்கவில்லை.

வெளியே புயல் ஊளையிட்டது. அவன் கத்தவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது.

"வண்டிய விட்டு இறங்காதீங்க. உதவி வண்டி கிளம்பிடுச்சு."

முன்சீட்டில் மெய்ராம்பெக்கின் பல் தந்தியடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆள் நெருப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"இன்னொரு டயர் இருக்கு."

புயலில் வந்து கதவைத் தட்டுகிறவனை வெளியே நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. அவன் யாராக இருந்தாலும் சரி. கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றினேன்.

"தொறக்காதீங்கக்கா!"

நாலு விரல் அகலம் இறங்கியது.

ஒரு கை உள்ளே வந்தது.

கறுப்பாக இருந்தது. கரி. நகக்கண்ணெல்லாம் கரி.

என்னைத் தாண்டிப் போனது.

பிள்ளை பக்கம்...

கண்ணை மூடிக்கொண்டேன்.

சூடு. அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு.

கண் திறந்தபோது கண்ணாடி ஏற்றியிருந்தது. நான் ஏற்றவில்லை. வெளியே யாரும் இல்லை. முன்னால் நெருப்பு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. உள்பக்கத்துப் பனி உருகிக் கண்ணாடியில் தண்ணீராக வழிந்தது. பிள்ளை கை காலை உதைத்து, தொண்டை கிழிய அழுதான். அதைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

இருட்டுகிற நேரத்தில் பனி தள்ளும் வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் தோக்சன் என்கிற பெரியவர். எங்களைத் தன் வண்டியில் ஏற்றினார்.

"ஆபீஸ்ல அனுப்பினாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்களா? காலைல போனாப் போதும்னாங்க. நான் வேற வேலையா இந்தப் பக்கம் வந்தேன். தூரத்துல நெருப்பு தெரிஞ்சுது, அதான் வந்தேன். எந்த டயர எரிச்சீங்க?"

"நாங்க எரிக்கல."

அவர் கையில் விளக்கோடு இறங்கி எங்கள் வண்டியைச் சுற்றிவந்தார். நாலு சக்கரமும் இருந்தன. பின்னால் ஸ்டெப்னியும் இருந்தது. நெருப்பு எரிந்த இடத்தைத் தேடினார். வெள்ளைப் பனி. ஒரு கறை இல்லை, உருகிய தடம் இல்லை. நீலக் கம்பத்தில் விளக்கை அடித்து எண்ணைப் படித்தார். திரும்பிவந்து ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

பிறகு அவரே சொன்னார். போன குளிர்காலத்தில் இதே இடத்தில் காபித் என்று ஒரு லாரி டிரைவர் மாட்டிக்கொண்டான். குளிருக்கு டயரை ஒவ்வொன்றாகக் கழற்றி எரித்திருக்கிறான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது லாரியில் ஒரு சக்கரம்கூட இல்லை. கம்பத்துக்குக் கீழே ஆள் விறைத்துக் கிடந்தான். கையெல்லாம் கரி.

மெய்ராம்பெக் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான்.

பிள்ளையின் முகத்துக்கு மேலிருந்த கோட்டை விலக்கினேன். நெற்றி நடுவில் கரிப் பொட்டு. நான் வைத்தது மோதிர விரல் நுனியளவு. அதையும் இவன் துடைத்துவிட்டான். இது ஓர் ஆணின் பெருவிரல் அகலம். ரேகைகூடத் தெரிந்தது.

நாற்பதாம் நாள் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தோம். வெள்ளிக் காசு போட்ட தண்ணீர், நாற்பது கரண்டி. சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சோப்புப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பொட்டு போகவில்லை. எல்லோரும் போனபிறகு, சமையலறையில் ஓர் ஈரத் துணியை மெய்ராம்பெக் கையில் கொடுத்தேன்.

"துடை மாப்ள. உனக்குத்தான் நல்லாத் துடைக்க வருமே."

துணியை வாங்கினான். உட்கார்ந்துவிட்டான். டை கட்டியிருக்கவில்லை. கழுத்து கோழிக் கழுத்து மாதிரி இருந்தது. அதுவரை அவனை வெறும் மடையன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"காபித் ஃபோன் பண்ணப்ப யார்டா எடுத்தது?"

"நான்தான்க்கா."

"என்ன சொன்ன?"

"எல்லாருக்கும் சொல்றதுதான். எழுதிக் குடுத்திருக்காங்க. வண்டிய விட்டு இறங்காதீங்க, உதவி வண்டி கிளம்பிடுச்சு."

"கிளம்புச்சா?"

"இல்ல."

"எத்தன தடவ கூப்பிட்டான்?"

"ஆறு. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன். அவரு கோவிக்கவே இல்லக்கா. சரி தம்பின்னுதான் சொன்னாரு."

"கடைசித் தடவை?"

துணியைக் கையில் முறுக்கினான். தண்ணீர் சொட்டியது.

"பயப்படாத தம்பி, நீ மெதுவாவே அனுப்பு... இன்னொரு டயர் இருக்குன்னாரு. இத நான் யார்ட்டயும் சொன்னதில்லக்கா. அக்மரால்ட்டகூட."

உள்ளறையில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதான். நான் எழுந்து போனேன். அவன் எழவில்லை. காலையில் வந்து பார்த்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். துணி அவன் கையில் காய்ந்துபோயிருந்தது.